மெய்நிகர் கூறாய்வு மேசையில் உடற்கூறியல் கற்பித்தல்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைகளில் மெய்நிகர் கூறாய்வு மேசை இடம்பிடிக்கத் தொடங்கிவிட்டது. கட்டில் அளவிலான தொடுதிரையில் முழு மனித உடல் ஒன்று ஆள் நீளத்துக்குக் கிடக்கும். விரலால் கோடிழுத்தால் அந்த இடத்தில் உடல் வெட்டுப்படும்; தோலை நீக்கலாம், தசையை நீக்கலாம், நீக்கியதை ஒரே தொடுதலில் திரும்பவும் வைத்துவிடலாம். கலிபோர்னியாவைச் சேர்ந்த அனாடமேஜ் நிறுவனத்தின் மேசை இந்த வகையில் பெயர்பெற்றது. ஸ்வீடனின் செக்ட்ரா போன்ற வேறு நிறுவனங்களும் இத்தகைய மேசைகளைச் செய்கின்றன. விற்பனைப் பிரதிநிதி வந்து செயல்விளக்கம் காட்டிவிட்டுப் போனதும், நூற்றைம்பது முதலாண்டு மாணவர்களுக்கு அதில் பாடம் எடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் துறையில் புதிதாகச் சேர்ந்த டியூட்டரின் தலையில் வந்து விழுகிறது. பொத்தான்களைப் பற்றிக் கையேடு சொல்லும். அந்தப் பொத்தான்களைக் கொண்டு ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடிப்படையான ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கூறாய்வுக் கூடத்தில் தெரியாமல் அறுத்த நரம்பு அறுந்ததுதான். அதனால் மாணவர் கத்தியை வைப்பதற்கு முன் யோசிக்கிறார். மேசையிலோ அறுத்ததை ஒட்டிவிடலாம் என்பதால் யோசிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. விரல் போன போக்கில் வெட்டிப் பார்த்து, "அடடா" என்று வியந்து, எதையும் கற்காமல் மாணவர் வெளியேறுவது இதனால்தான் நடக்கிறது. ஆனால் இதே வசதியை, முன்கூட்டி ஊகித்துச் சொல்லவும் வெட்டிச் சரிபார்க்கவும் தவறினால் மீண்டும் முயலவும் பயன்படுத்தினால், கடாவரால், அதாவது கூறாய்வுக்கு வைக்கப்படும் இறந்த உடலால், தர முடியாத ஒரு பயிற்சி கிடைக்கிறது. ஆகவே இந்த மேசையில் பாடம் எடுப்பவர் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றுதான்: கேள்வி ஒன்று எழாமல், அதற்கு மாணவர் ஒரு விடையைச் சொல்லாமல், ஒரு வெட்டும் விழக்கூடாது. கீழே சொல்லப்படும் படிகள் யாவும் இந்த விதியை நடைமுறைப்படுத்தும் வழிகளே.

திரையில் கிடப்பது எது என்று அறிந்துகொள்ளுதல்

வகுப்புக்குத் தயாராவதில் முதற்படி, உங்கள் கருவியில் உள்ள உருவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது. பொதுவாக மூன்று வகைகள் உண்டு. உண்மையான உடலை உறையவைத்துச் சீவி, ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து மீண்டும் அடுக்கிய உருவம் ஒன்று. உயிருள்ள நோயாளிகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. பதிவுகளிலிருந்து உருவாக்கியது இன்னொன்று. ஓவியர்கள் கணினியில் வரைந்த முப்பரிமாண மாதிரி மூன்றாவது. கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலும் மூன்றாவது வகையே இருக்கும். மேசைகளில் முதல் இரண்டும் கலந்திருக்கும். மூன்றும் மூன்று விதமாகத் தவறு செய்யக்கூடியவை.

முதல் வகையின் முன்னோடி, அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்திய விசிபிள் ஹியூமன் திட்டம். டெக்சாஸ் மாநிலத்தில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயது ஆண் ஒருவரின் உடல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் உறையவைக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தலைமுதல் கால்வரை சீவப்பட்டது. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டுமுகம் படமெடுக்கப்பட்டது. இவ்வாறு கிடைத்த 1,871 படங்களும் 1994 நவம்பரில் வெளியிடப்பட்டன. மறு ஆண்டு வெளியான பெண் உடலின் தொகுப்பு இன்னும் நுட்பமானது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. பின்னர் தென் கொரியாவிலும் சீனாவிலும் இதே முறையில் தொகுப்புகள் உருவாயின.

இந்த விவரங்கள் புதிய ஆசிரியருக்கு எதற்கு என்று தோன்றலாம். மாணவர் கேட்கும் கடினமான கேள்விகளுக்கு விடை பல நேரம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆண் உடலில் குடல்வால் கிடையாது. உயிரோடிருந்தபோதே அறுவைசிகிச்சையில் அகற்றப்பட்டிருந்தது. உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட டிஜிட்டல் உடலில் போய்க் குடல்வாலைத் தேடுபவர் ஏமாறுவார். அதுபோல, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிய உடலில், அதைவிட மெல்லிய நரம்பு ஒன்றைத் தொடர்ந்து பின்பற்ற இயலாது. நடுச்செவியைக் கடந்து செல்லும் கார்டா டிம்பனி போன்ற நரம்பு உங்கள் திரையில் முழுநீளமும் பளிச்சென்று தெரிந்தால், அதில் ஒரு பகுதியையேனும் யாரோ உட்கார்ந்து வரைந்து சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அது தவறன்று, ஆனால் எது படம்பிடிக்கப்பட்டது, எது வரையப்பட்டது என்று ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகையான சி.டி. உருவங்களில் வேறொரு பொறி உள்ளது. சி.டி. எண்ணளவில் நீர் 0, காற்று −1000, கொழுப்பு −100ஐ ஒட்டியது, எலும்பு சில நூறுகளுக்கு மேல். மேசை எலும்பை மட்டும் காட்டும்போது, குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு மேற்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைக்கிறது. கண்குழியின் உட்சுவரைப் போலத் தாள்கனமே உள்ள எலும்புகள் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுவதால், அந்த இடத்தில் ஓட்டை இருப்பதுபோலத் தெரியும். "இது எந்த ஃபொராமென், சார்?" என்று கேட்கும் மாணவரிடம் அது துளையே இல்லை என்று சொல்ல, எல்லை எண்ணை நகர்த்திக் காட்டி அந்தத் துளை சுருங்குவதை அவர் கண்முன் நிறுத்துவதே சிறந்த விடை. துணைக்கு உண்மையான மண்டையோடு ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பாடத்தை மேசைக்குக் கொண்டுவருவது

எல்லாப் பாடங்களையும் மேசையில் எடுக்க வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கக்கூடும். அவ்வளவு செலவழித்து வாங்கியிருக்கிறார்களே. அந்த எதிர்பார்ப்புக்கு இணங்கிவிடாதீர்கள். தோலுக்கடியிலுள்ள கொழுப்பைப் பிரித்து ஆழ்திசுப்படலத்தை அடைவது, இரண்டு தசைகளுக்கு நடுவே விரலைவிட்டு இடைவெளி காண்பது, தமனிக்கும் சிரைக்கும் உள்ள சுவர்க் கன வேறுபாட்டைத் தொட்டறிவது ஆகியவற்றை எந்தத் திரையும் கற்றுத்தராது. கைகால்களின் மேலோட்டமான தசைகள், அக்குள், தொடை முக்கோணம் முதலியவை கூறாய்வுக் கூடத்திலேயே கற்க வேண்டியவை.

கத்தியால் எளிதில் போக முடியாத இடங்களில்தான் மேசை தன் விலைக்குத் தகுதியாகிறது. டெரிகோபாலட்டைன் ஃபோசா, இடுப்புக்குழியின் உள்ளுறுப்புகள், பெரினியம், மூளையின் வென்ட்ரிக்கிள்கள், இன்டர்னல் காப்ஸ்யூல் ஆகியவற்றைக் கடாவரில் எட்டுவதற்குள் சுற்றியுள்ளவை சிதைந்துவிடும். அடுத்தது, குறுக்குவெட்டு. முதலாண்டில் கண்ணால் கண்ட உறுப்பை இறுதியாண்டில் சி.டி. படத்தில் அடையாளம் காண முடியாமல் தவிக்கும் மாணவர்கள் எத்தனையோ பேர். உடலை நெடுக்காகப் பிரித்துக் கற்ற கண்ணுக்குக் குறுக்காக வெட்டிய உடல் அந்நியமாகத் தெரிகிறது. இந்தப் பாலத்தை முதலாண்டிலேயே கட்டுவதற்கு மேசையைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் துணிபு. மேசைக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் பாதியையாவது குறுக்குவெட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

இடமும் குழுவும்

மேசையைக் கூறாய்வுக் கூடத்துக்குள் வைக்கக்கூடாது. ஃபார்மலின் ஆவியும் ஈரமும் மின்னணுக் கருவிக்கு ஆகாதவை. கையுறையோடு திரையைத் தொட்டால் எண்ணெய்ப்பிசுக்கு படியும். தொலைவிலும் வைக்கக்கூடாது. மாடி ஏறிப் போகவேண்டிய இடத்தில் வைத்தால், மேசையில் பார்த்ததைக் கடாவரில் தேடும் பழக்கம் மாணவர்க்கு வரவே வராது. கூடத்தை ஒட்டிய குளிரூட்டப்பட்ட அறையே ஏற்றது. மின்சாரம் நின்றால் வகுப்பின் நடுவே எல்லாம் அணைந்துபோகாதிருக்க யு.பி.எஸ். அவசியம். திரைக்கு மேலே நேராக விளக்கு எரிந்தால் படுத்திருக்கும் திரையில் அதன் பிம்பம் விழுந்து கண்ணைக் கூசும் என்பதால், விளக்குகளைச் சுவரோரம் மாற்றச் சொல்லுங்கள்.

மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றால்தான் எல்லார்க்கும் தெரியும். நூற்றைம்பது பேரை அரங்கில் உட்காரவைத்து மேசையின் திரையைப் புரொஜெக்டரில் காட்டுவது, விலையுயர்ந்த பவர்பாயிண்ட் காட்டுவதற்கு ஒப்பானது. கூறாய்வுக்கென்று ஏற்கெனவே பிரித்திருக்கும் பேட்ச்சுகளை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரக் கூறாய்வு வகுப்பில் ஒவ்வொரு பேட்ச்சும் இருபது இருபத்தைந்து நிமிடம் மேசைக்கு வந்துபோகுமாறு சுழற்றலாம். ஒரே நாளில் எல்லாரும் வந்து முடிக்க இயலாது. ஒரு பாடம் மூன்று நான்கு நாள் ஓடும். அதற்கேற்பக் கால அட்டவணையை மாதத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

குழுவுக்குள் வேலையைப் பிரித்துக் கொடுப்பது முக்கியம். இல்லையெனில் துடிப்பான ஒரு மாணவர் திரையைக் கைப்பற்றிக்கொள்வார். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் இயக்கட்டும், ஆனால் எதை வெட்டுவது என்று அவர் முடிவுசெய்யக்கூடாது, அதை வேறொருவர் வாயால் சொல்ல வேண்டும். அட்லஸைத் திறந்துவைத்துக்கொண்டு ஒருவர் சரிபார்க்கட்டும். இருவர் தாளில் வரையட்டும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை வேலைகள் மாற வேண்டும். தாம் நினைப்பதைச் சொல்லால் துல்லியமாகச் சொன்னாலொழிய வெட்டு சரியான இடத்தில் விழாது என்ற நிலை வந்ததும், "இன்ஃபீரியர்", "மீடியல்", "போஸ்டீரியர்" போன்ற சொற்கள் மாணவர் நாவில் தாமாகவே ஏறிவிடுகின்றன.

ஒரு வகுப்பு: டிரான்ஸ்பைலோரிக் தளம்

இனி ஒரு வகுப்பை முதலிலிருந்து முடிவுவரை நடத்திப் பார்ப்போம். வயிற்றுப் பகுதியில் தொடங்குவதற்கு டிரான்ஸ்பைலோரிக் தளத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மார்பெலும்பின் மேல்விளிம்பிலுள்ள பள்ளத்துக்கும் பூப்பெலும்புப் பிணைப்பின் மேல்விளிம்புக்கும் சரிபாதியில் போடப்படும் கிடைக்கோடு அது. ஒன்பதாம் விலாக்குருத்தெலும்புகளின் முனைகளைத் தொட்டு, முதல் இடுப்பு முள்ளெலும்பின் கீழ்விளிம்பு வழியாகச் செல்லும் என்பது பாடம்.

முந்தைய நாளே நீங்கள் தனியாக அறைக்குப் போய், இந்த வெட்டை மூன்று முறை செய்துபார்த்து, தேவையான நிலைகளை மேசையில் சேமித்துவையுங்கள். முழு உடல், தோல் நீக்கிய உடல், தளத்தில் வெட்டிய உடல், அதே மட்டத்தில் ஓர் உயிருள்ள நபரின் சி.டி. ஆகிய நான்கும் போதும். வகுப்பின் நடுவே பட்டியல்களைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் மாணவர்களின் கவனம் கைப்பேசிக்குப் போய்விடும்.

வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் திரை அணைந்தே இருக்கட்டும். மாணவர்கள் தங்கள் உடலிலேயே மேற்புறப் பள்ளத்தையும் பூப்பெலும்பின் மட்டத்தையும் உடைக்கு மேலாகக் குறித்து, நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தாளில் ஒரு நீள்வட்டம் வரைந்து, அந்த மட்டத்தில் என்னென்ன வெட்டுப்படும் என்று தாம் நினைப்பதை அதனுள் வரைய வேண்டும். பைலோரஸ் (இரைப்பையின் வெளிவாய்), பித்தப்பையின் அடி, கணையத்தின் கழுத்து, குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சுபீரியர் மெசென்ட்ரிக் தமனியின் தொடக்கம், இரண்டு சிறுநீரகங்களின் ஹைலம் (இரத்தக்குழாய்கள் நுழையும் வாயில்), தண்டுவடத்தின் முடிவு எனப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட, வரையச் சொன்னால் தமனியைக் கணையத்துக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். தாளில் உள்ள அந்தப் பிழைதான் இன்றைய வகுப்பின் மூலதனம். அதை அப்போது திருத்தாதீர்கள்.

அடுத்துத் திரையை ஏற்றி வெட்டுங்கள். வெட்டியவுடன் எழும் முதற்குழப்பம் இடம்வலம் பற்றியது. குறுக்குவெட்டைக் காலடியிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது மரபு. நோயாளியின் வலப்புறம் பார்ப்பவரின் இடப்புறத்தில் இருக்கும். இதை விதியாகச் சொல்லிவிட்டுப் போகாமல், மாணவர்களை மேசையின் கால்பக்கம் நடந்துவரச் செய்து, படுத்திருக்கும் உடலின் காலடியில் நின்று பார்க்கவையுங்கள். கல்லீரல் எந்தப் பக்கம் வருகிறது என்று அவர்களே சொல்லட்டும். ஆள் அளவிலுள்ள மேசைக்குக் கைப்பேசிச் செயலியைவிட உள்ள உண்மையான சிறப்பு, அதைச் சுற்றி நடக்க முடிவதுதான்.

இப்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முள்ளெலும்பு நிலையானது என்பதால் அதிலிருந்து தொடங்குவது எளிது. அதற்கு முன்னே இடப்பக்கம் சாய்ந்தாற்போல வட்டமாகப் பெருந்தமனி. வலப்பக்கம் கீழ்ப்பெருஞ்சிரை, இறந்த உடலில் அது தட்டையாகச் சப்பிப்போயிருக்கும். பெருந்தமனியின் முன்னே ஒரு சிறு வட்டம் தெரியும்: அது சுபீரியர் மெசென்ட்ரிக் தமனி. அதன் வலப்பக்கம் அதைவிடப் பெரிய வட்டமாக அதே பெயருள்ள சிரை. கணையத்தின் கழுத்து இவற்றுக்கு முன்னே கிடக்கிறது. அக்கழுத்துக்குப் பின்னால்தான் அந்தச் சிரையும் மண்ணீரல் சிரையும் கூடிப் போர்ட்டல் சிரை ஆகிறது. வெட்டை ஒரு சென்டிமீட்டர் கீழே நகர்த்தச் சொல்லுங்கள். பெருந்தமனிக்கும் மெசென்ட்ரிக் தமனிக்கும் நடுவேயுள்ள இடுக்கில் இடது சிறுநீரகச் சிரை குறுக்கே போவது தெரியும். இன்னும் கீழே, மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், அதே இடுக்கில் டியோடினத்தின் (சிறுகுடலின் முதற்பகுதியின்) மூன்றாம் பகுதி போகிறது.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: "இந்த இடுக்கு குறுகினால் என்ன ஆகும்?" சிரை நசுங்கினால் சிறுநீரில் இரத்தம் வரலாம்; டியோடினம் நசுங்கினால் சாப்பிட்டபின் வாந்தி வரும். வெகுவாக உடல் மெலிந்தவர்களுக்கு, இரண்டு தமனிகளையும் விலக்கி வைத்திருக்கும் கொழுப்பு கரைந்துபோவதால் இந்த இரண்டாவது நிலை ஏற்படுவதுண்டு. ஒரே வெட்டை மேலும் கீழும் நகர்த்தியதில் இரண்டு நோய்களின் காரணம் மாணவர்க்கு விளங்கிவிடுகிறது. முதலாண்டிலேயே நோயாளியோடு தொடர்புபடுத்திக் கற்பிக்க வேண்டும் என்று 2019 முதல் நடைமுறையில் உள்ள திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வலியுறுத்துவதை, தனியாக ஒரு வகுப்பு வைக்காமல் இப்படி நிறைவேற்றலாம்.

பட்டியலில் சொன்ன எல்லாம் ஒரே வெட்டில் தெரியாது என்பதை எதிர்பார்த்தே வாருங்கள். இடது சிறுநீரகத்தின் ஹைலம் தளத்துக்குச் சற்று மேலேயும் வலதினது சற்றுக் கீழேயும் இருக்கும். பைலோரஸ் நகரக்கூடியது, நின்றால் இறங்கும், வயிறு நிறைந்தால் இடம் மாறும். சேமித்துவைத்த உயிருள்ள நபரின் சி.டி.யை இப்போது பக்கத்தில் கொண்டுவந்தால், மூச்சை உள்ளிழுத்துப் பிடித்த நிலையில் எடுத்த அந்தப் படத்தில் உதரவிதானம் தாழ்ந்து, கல்லீரலும் சிறுநீரகங்களும் கீழே இறங்கியிருப்பதைக் காணலாம். "அப்படியானால் புத்தகம் தவறா?" என்று மாணவர் கேட்டால் வகுப்பு வெற்றி. தளம் என்பது உடலுக்குள் இருக்கும் கோடன்று, உறுப்புகளைத் தேடத் தொடங்குவதற்கு ஓரிடம் என்று விளங்கவைக்க இதைவிட நல்ல தருணம் வராது.

கடைசி ஐந்து நிமிடத்தில் மாணவர்கள் தங்கள் பழைய படத்தின் மேலேயே வேறு நிற மையால் திருத்த வேண்டும், புதுத்தாள் கொடுக்கக்கூடாது. பிறகு அப்படியே எழுந்து கூறாய்வுக் கூடத்துக்குச் சென்று, கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் விரலைச் செலுத்திப் போர்ட்டல் சிரை உருவாகும் இடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். கடாவரில் அந்தப் பகுதி இன்னும் திறக்கப்படவில்லையென்றால், திறக்கும் வாரம்வரை மேசை வகுப்பைத் தள்ளிவையுங்கள்.

வழியில் இருக்கும் பள்ளங்கள்

சுழற்றுவது மேசையின் மிகப் பெரிய கவர்ச்சி. எல்லாக் கோணத்திலிருந்தும் பார்த்தால் நன்றாகப் புரியும் என்று நாம் இயல்பாகவே நம்புகிறோம். ஆனால் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டு எலும்புகளைக் கணினியில் காட்டி நடத்திய ஆய்வுகள், முன்புறம், பின்புறம் போன்ற சில முதன்மைக் கோணங்களே கற்றலுக்குப் பெரிதும் உதவுகின்றன என்றும், இடவுணர்வு குறைந்த மாணவர்களுக்குப் பல கோணங்கள் இடைஞ்சலாகவும் இருக்கலாம் என்றும் காட்டின. எனவே ஒவ்வோர் உறுப்பையும் முதலில் உடற்கூறு நிலையில் நிறுத்தி, முன்புறம் பார்த்து, பின்புறம் பார்த்து, அதன்பின்தான் சுழற்ற அனுமதியுங்கள். சுழற்றியபின் உருவம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். சொல்ல இயலாவிட்டால் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்புங்கள்.

நிறம் அடுத்த பள்ளம். திரையில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் மட்டும் பழகிய மாணவர் கடாவரில் மஞ்சள் நரம்பைத் தேடி, வெளிறிய கயிறுபோல எதிரே கிடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். மாதத்துக்கு ஒருமுறையாவது செயற்கை நிறங்களை அணைத்துவிட்டு, படம்பிடித்தபடியே உள்ள இயற்கை நிறத்தில் வகுப்பை நடத்துவது நல்ல பழக்கம். பெரிதாக்கிப் பார்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். பிட்யூட்டரிச் சுரப்பியைத் திரை முழுக்க விரித்துப் பார்த்த மாணவருக்கு, அது பட்டாணி அளவே என்பது மறந்துபோகிறது. பெரிதாக்கிய ஒவ்வொன்றையும் இயல்பான அளவுக்குச் சுருக்கிக் காட்டிவிட்டே அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாவற்றையும்விட ஆழமான குறை, மேசையில் உடல்கள் மிகச் சிலவே என்பதுதான். கூறாய்வுக் கூடத்தில் எட்டு உடல்கள் இருந்தால் எட்டு வேறுபாடுகள் இருக்கும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி உண்டு. சயாட்டிக் நரம்பு சிலருக்குப் பிரிஃபார்மிஸ் தசையை ஊடுருவி இரண்டாகப் பிரிந்து வருகிறது. கல்லீரலின் வலது தமனி சிலருக்கு மெசென்ட்ரிக் தமனியிலிருந்து கிளைக்கிறது. அறுவைசிகிச்சை மேசையில் ஆபத்து விளைவிப்பவை இந்த வேறுபாடுகளே. நாள்தோறும் ஒரே உடலைப் பார்க்கும் மாணவர் அதுவே இயல்பு என்று நம்பிவிடுவார். இதற்கு எளிய மருந்து மாணவர்களின் கைகளிலேயே இருக்கிறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னால், பால்மாரிஸ் லாங்கஸ் தசையின் நாண் புடைத்துத் தெரியும். வகுப்பில் சிலருக்கு அது இருக்காது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். பிறகு மேசையில் உள்ள உடலுக்கு அது இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

மேசை வாங்க வசதியில்லாத கல்லூரியில்

பெரிய மேசை இல்லாத துறைகள் வருந்த வேண்டியதில்லை. மேலே சொன்ன வகுப்பில் திரையின் அளவைத் தவிர மற்ற யாவும் நல்ல கணினி ஒன்றிலேயே சாத்தியம். விசிபிள் ஹியூமன் படங்களுக்கு உரிமம் பெற வேண்டிய நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. சி.டி. பதிவுகளைத் திறந்து வெட்டிப் பார்க்க 3டி ஸ்லைசர், பிரேசிலில் உருவான இன்வெசாலியஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைந்த மாதிரிகள் வேண்டுமென்றால் ஜப்பானியத் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட இசட்-அனாடமி என்ற திறமூல அட்லஸ் உண்டு. கதிரியக்கத் துறையில் நண்பர் ஒருவரைச் சம்பாதித்துக்கொண்டால், உங்கள் மருத்துவமனையின் பதிவுகளே பாடமாகும்.

ஆனால் அப்பதிவுகளை வாங்கும்போது மிகுந்த கவனம் தேவை. சி.டி. கோப்பின் உள்ளேயே நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். கோப்பின் பெயரை மாற்றிவிட்டால் மட்டும் அவை போய்விடா. அடையாளம் நீக்கும் மென்பொருளின் வழியாகவே கோப்பைப் பெறுங்கள். நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். தலையின் சி.டி.யில் இன்னொரு சிக்கல்: முப்பரிமாணத்தில் தோலை மீட்டெடுத்தால் முகமே தெரிந்துவிடும். ஊரிலுள்ள மருத்துவமனையின் நோயாளியை ஊர் மாணவர் அடையாளம் கண்டுகொள்வது நடக்கக்கூடியதே என்பதால், முகப்பகுதியை வெட்டி நீக்கியபின்தான் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

மரியாதையும் இதைச் சார்ந்ததே. பாடத்திட்டத்தின் நெறிமுறைப் பகுதியில் கடாவரே நம் முதல் ஆசான் என்னும் பாடம் உள்ளது. பல கல்லூரிகளில் கூறாய்வு தொடங்கும் நாளன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். மேசையின் முன் நிற்கும்போது அந்த உணர்வு சட்டென்று கலைந்துவிடுகிறது. விளையாட்டுக் கருவியைப் போலக் கையாள்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். திரையில் கிடப்பவரும் ஒருகாலத்தில் மூச்சுவிட்ட மனிதர் என்பதை முதல் வகுப்பில் சொல்லிவிட்டு, கூறாய்வுக் கூடத்தில் உள்ள கைப்பேசித் தடையை மேசை அறைக்கும் நீட்டியுங்கள். டெக்சாஸ் கைதியின் கதையை அப்போதே சொல்லலாம். அறிவியலுக்கென்று அவர் உடலைக் கொடுத்தது சிறைக்குள்ளிருந்து என்பதால், அந்தச் சம்மதத்தின் தன்மை பற்றி எழுந்த விவாதத்தை மாணவர்கள் தங்களுக்குள் பேசிப்பார்ப்பது, உறுதிமொழியைக் கூட்டாக வாசிப்பதைவிட ஆழமாகப் பதியும்.

தேர்வில் எப்படிக் கேட்பது

மேசையில் கற்பித்துவிட்டுத் தேர்வில் அதைப் பற்றி எதுவும் கேட்காவிட்டால், இரண்டாம் மாதத்திலேயே மாணவர்கள் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். அகமதிப்பீட்டுத் தேர்வின் ஸ்பாட்டர் (பார்த்து அடையாளம் சொல்லும் கேள்வி) வரிசையில் இரண்டு நிலையங்களை மேசைக்கு ஒதுக்குங்கள். ஆனால் அம்புக்குறி இட்டு "இது என்ன?" என்று மட்டும் கேட்டால், உருவங்களை மனப்பாடம் செய்தே தப்பிவிடலாம். "இந்த வெட்டு எந்த முள்ளெலும்பின் மட்டத்தில் உள்ளது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?", "இந்த வெட்டை இரண்டு சென்டிமீட்டர் மேலே நகர்த்தினால் புதிதாக எது தோன்றும்?" என்று கேளுங்கள். வைவாவில் வெற்றுத்தாளைக் கொடுத்து ஒரு வெட்டை வரையச் சொல்வது நேரம் பிடிக்கும்தான். ஆயினும் மாணவர் மனத்தில் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பதை வேறெந்தக் கேள்வியும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

ஒவ்வொரு பேட்ச்சின் முதல் ஊகப் படங்களையும் திருத்திய படங்களையும் சேர்த்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே இடத்தில் தவறியிருந்தால், அடுத்த ஆண்டு வகுப்பில் முதற்கேள்வி அங்கிருந்தே தொடங்கட்டும்.